ஆறு விரல் பாரம்

கேளுங்கள்.

வெகுகாலத்துக்கு முன்னே, சோற்றில் உப்புப் போட்டுத் தின்கிறவர்கள் ஊருக்கு நாலு பேராவது மிச்சமிருந்த காலத்தில், கடல் நடுவே ஏழுதிட்டு என்றொரு நாடு இருந்தது. ஏழு மணல்திட்டுகள், ஏழு கிணறுகள், ஏழையும் வளைத்து ஒரு கல்மதில். மதில் நின்றால் கிணற்றில் நல்ல தண்ணீர். மதில் விழுந்தால் கிணற்றில் கடல். அந்த நாட்டின் அரசியல் முழுவதும் இவ்வளவுதான். மற்றதெல்லாம் பிற்பாடு சேர்த்துக்கொண்டது.

அந்த நாட்டின் கடைசி ராஜாவுக்குப் பிள்ளை இல்லை. ஆகவே சாகும்போது மூன்று கட்டளைகள் சொல்லிவிட்டுச் செத்தார்.

ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, தலைவராக விரும்புகிறவர்கள் துறையில் ஆளுக்கொரு படகில் உட்கார வேண்டும். வீட்டுக்கு ஒருவர் தேங்காய் அளவு கல் ஒன்றைக் கொண்டுவந்து, படகில் இருப்பவரின் கண்ணை நேராகப் பார்த்து, நம்பிக்கை வந்தால் அந்தப் படகில் வைக்க வேண்டும். இது முதல் கட்டளை.

படகின் விலாவில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். எந்தப் படகு முதலில் அந்தக் கோடுவரை தண்ணீரில் இறங்குகிறதோ அதில் இருப்பவரே தலைவர். இது இரண்டாவது.

ஜெயித்தவர் தானே துடுப்புப் போட்டு, அந்தக் கல்லையெல்லாம் மதில் உடைந்த இடத்துக்குக் கொண்டுபோய், தன் கையால் அடுக்க வேண்டும். இது மூன்றாவது.

ராஜா எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆனால் கெட்டிக்காரர். வெறும் படகு கோடுவரை இறங்கப் பத்து விரல் பாரம் வேண்டும். சாதாரண மனிதர் ஒருவர் ஏறி உட்கார்ந்தால் ஒரு விரல் இறங்கும். மிச்சம் ஒன்பது விரலும் கல். ஐந்து ஆண்டில் கடல் மதிலை அரித்துத் தின்பதும் ஏறக்குறைய ஒன்பது விரல் கல்தான். ஊருக்குத் தலைவரும் கிடைப்பார், மதிலுக்குக் கல்லும் கிடைக்கும் என்று ராஜா கணக்குப் போட்டார். கட்சிகள் வரும் என்று மட்டும் அவர் கணக்குப் போடவில்லை.

இரண்டு கட்சிகள் வந்தன. சுறாக் கட்சி ஒன்று, ஆமைக் கட்சி ஒன்று. சுறாக் கட்சி மதிலை உயர்த்துவோம் என்றது. ஆமைக் கட்சி மதிலைத் தாழ விடமாட்டோம் என்றது. இந்த இரண்டுக்கும் நடுவே இருந்த பெரிய வித்தியாசத்துக்காக அண்ணன் தம்பிகள் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்காமல் இருந்தார்கள்.

ஆமைக் கட்சி மூன்று முறை வரிசையாகத் தோற்றது. முதல் முறை ஒரு படித்தவரை நிறுத்தியது. இரண்டாம் முறை ஒரு கொடையாளியை நிறுத்தியது. மூன்றாம் முறை, புயலில் நாற்பது பேரைக் கரைசேர்த்த ஓர் ஓடக்காரரை நிறுத்தியது. அந்த நாற்பது பேரும் நன்றி மறக்காதவர்கள். கண் கலங்க அவரைப் பார்த்துவிட்டு, போய்ச் சுறாப் படகில் கல்லை வைத்தார்கள்.

இனி நம் கதையின் ஆளுக்கு வருவோம். அவன் பெயர் உலகப்பன்.

துறையில் ஓர் ஏற்றமரம் இருந்தது. நீண்ட மரம், நடுவில் ஒரு முட்டு. ஒரு முனையில் கப்பலிலிருந்து மூட்டையைக் கட்டுவார்கள். மறுமுனையில் உலகப்பன் உட்காருவான். மூட்டை மேலே போகும். உட்காருவதுதான் அவன் தொழில். அதில் அவனை மிஞ்ச ஏழு திட்டிலும் ஆள் இல்லை.

பார்க்க மலை போல் இருப்பானே தவிர, ஒருவரை அதட்டிப் பேசத் தெரியாதவன். ஆனால் அவன் உடம்புக்கு ஓர் அறிவு இருந்தது. மூட்டை எழும்போதே, “இதுல நாலு படி நனைஞ்ச அரிசி இருக்கு, செட்டியாரே” என்பான். பிரித்துப் பார்த்தால் இருக்கும். பாரத்தைப் பற்றி அவனிடம் யாரும் பொய் சொல்ல முடியாது.

அவன் வீடு ஏழாவது திட்டில். கடைசித் திட்டு என்பதால் மதில் முதலில் உடைந்தது அங்கேதான். உடைந்து ஐந்து ஆண்டு ஆகிறது; கடல் இன்னும் கிணற்றைத்தான் எட்டவில்லை. சுறாக் கட்சித் தலைவர் மாவண்ணர் சென்ற முறை ஜெயித்ததும் படகில் மதிலுக்குப் போனார். துடுப்பை வேறு நாலு பேர் போட்டார்கள். கல்லை வேறு நாலு பேர் கொட்டினார்கள். தலைவர் ஒரு கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். கடலும் கரையில் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, உடைப்பு அப்படியே இருப்பதைத் தெரிந்துகொண்டு போயிற்று.

நான்காம் முறையும் தோற்றால் கட்சியில் ஆமை மட்டும்தான் மிஞ்சும் என்று ஆமைக் கட்சி மூத்தவர் கலியப்பர் பயந்தார். கரைநாட்டிலிருந்து ஒரு கணிப்பாளரை வரவழைத்தார். அவர் பெயர் விடங்கனார். எந்த நாட்டில் யார் ஜெயிப்பார்கள் என்று, ஜெயித்த மறுநாளே சொல்லிவிடக்கூடிய கணிப்பாளர்.

விடங்கனார் மூன்று நாள் யோசித்தார். மூன்று நாளும் நன்றாகச் சாப்பிட்டார். நான்காம் நாள் கட்சி மண்டபத்தில் எழுந்து நின்றார்.

“உங்கள் ஆட்கள் மூவரும் எத்தனை விரல்?”

யாருக்கும் புரியவில்லை.

“படகில் ஏறியதும் படகு எத்தனை விரல் இறங்கியது?”

“ஒரு விரல்” என்றார் கலியப்பர்.

“அவர்கள் ஆட்கள்?”

கலியப்பர் விரல்விட்டு எண்ணினார். அவர்களுடைய முதல் ஆள் இரண்டு விரல். அடுத்தவர் மூன்று விரல். மாவண்ணர் நல்ல வளர்த்தி, ஐந்து விரல்.

“பிறகென்ன சந்தேகம்? பத்து விரலில் பாதியை மாவண்ணர் தன் உடம்பிலேயே கொண்டுவருகிறார். ஜனங்கள் மிச்சம் பாதியை வைத்தால் போதும். நீங்கள் ஒன்பது விரலுக்கு ஜனங்களை நம்பியிருக்கிறீர்கள். இந்தக் காலத்தில் ஜனங்களை ஒன்பது விரல் நம்பலாமா?”

மண்டபம் மெய்சிலிர்த்தது. பதினைந்து ஆண்டாகத் தெரியாத ரகசியம் இப்படிப் பச்சையாகக் கண்ணெதிரில் கிடந்திருக்கிறதே என்று சிலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். மதிலுக்கு எத்தனை விரல் கல் போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. அது அன்றைய கூட்டத்தின் பொருள் அல்ல.

மண்டபத்துக்குப் பின்னால் ஒரு குளம். அதில் ஒரு படகைக் கட்டி, படகு ஆடாமல் பிடித்துக்கொள்ள உலகப்பனைக் கூலிக்கு அழைத்திருந்தார்கள். தலைவராக விரும்பியவர்கள் ஒவ்வொருவராக ஏறி உட்கார்ந்தார்கள். விடங்கனார் குனிந்து விரல் வைத்து அளந்தார்.

ஏழு திட்டு வழக்குகளையும் அடிதடி இல்லாமல் தீர்த்துவைத்த ஒரு பெரியவர் ஏறினார். ஒரு விரல். “அடுத்தவர்” என்றார் விடங்கனார்.

பஞ்சத்தில் தன் களஞ்சியத்தைத் திறந்துவிட்ட ஒரு வியாபாரி ஏறினார். ஒன்றரை விரல். “பரவாயில்லை. ஆனால் பஞ்சத்தில் நீங்களும் கொஞ்சம் சாப்பிட்டிருக்கலாம்.”

மூன்றாவதாக அரியாத்தாள் வந்தாள். அவள் மதில் கட்டுகிற கொத்தச்சி. கையெல்லாம் காய்ப்பு. படகில் ஏறும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள்.

“ஏழாந்திட்டு உடைப்பை நான் அளந்து பார்த்துட்டேன், ஐயா. ஒன்பது விரல் கல்லு வேணும். ஒரு கல்லு குறைஞ்சாலும் நிக்காது. கொட்டினா போதாது, பல்லுக்குப் பல்லு சேர்த்து அடுக்கணும். மழைக்காத்து வர்றதுக்கு முன்னாடி முடிக்கலைன்னா இந்த வருஷம் ஏழாந்திட்டுக் கிணறு போயிரும். அடுத்த வருஷம் ஆறாந்திட்டு.”

“ஏறம்மா” என்றார் விடங்கனார்.

ஏறினாள். குனிந்து அளந்தார்.

“ஒரு விரல். ஒரே ஒரு விரல். இந்த ஒரு விரலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?”

“கல்லு அடுக்கத் தெரியும்னு சொன்னேனே, ஐயா.”

“அது ஜெயித்த பிறகு வருகிற சங்கதி. நாம் இப்போது ஜெயிப்பதைப் பற்றிப் பேசுகிறோம்.”

அரியாத்தாள் இறங்கிப் போனாள். படகு கயிற்றை இழுத்துக்கொண்டு நகர்ந்தது. அதைப் பிடிக்க உலகப்பன் ஒரு காலை உள்ளே வைத்தான். சறுக்கியது. முழுவதுமாக உள்ளே உட்கார்ந்துவிட்டான்.

படகு ஐந்து விரல் இறங்கியது. குளத்துத் தண்ணீர் கரையேறி விடங்கனாரின் வேட்டியை நனைத்தது.

அவர் கோபிக்கவில்லை. கும்பிட்டார்.

“யார் இவர்?”

“துறையில் பாரத்துக்கு உட்கார்றவன்” என்றார் கலியப்பர்.

“இவன் என்று சொல்லாதீர்கள். இவர். மாவண்ணருக்குச் சமம். நாற்பது நாள் என்னிடம் விடுங்கள், ஆறு விரல் ஆக்கிக் காட்டுகிறேன்.”

அரைமணி நேரத்துக்கு முன் கூலிக்கு வந்த உலகப்பன் அப்படித்தான் உலகப்பனார் ஆனான். அவன் கொள்கை என்ன என்று ஒருவர் கேட்டார். அவரைக் கட்சியைவிட்டு நீக்கினார்கள்.

உலகப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “எனக்கு நாலு பேர் முன்னால பேச வராதுங்க” என்றான்.

“ரொம்ப நல்லது” என்றார் விடங்கனார். “மூன்று விஷயம் நினைவிருக்கட்டும். பேசாதீர்கள். சிரியுங்கள். அசையாதீர்கள்.”

கலியப்பர் அவன் தோளில் கை போட்டார். தோள் முழுவதும் எட்டவில்லை. எட்டிய வரைக்கும் போட்டார். “தலைவர் மாளிகை முதல் திட்டுல இருக்கு, தம்பி. அந்தக் கிணத்துத் தண்ணி கல்கண்டு மாதிரி. நீயும் உன் வீட்டுக்காரியும் அங்கேயே வந்துரலாம்.”

உலகப்பன் ஆசைப்பட்டான். அதை மறைத்துச் சொல்வது கதை சொல்கிறவனுக்கு அழகில்லை. முப்பது ஆண்டு ஒரு மரத்தின் முனையில் உட்கார்ந்தவனுக்கு, ஒரு மாளிகையில் உட்காரலாம் என்றால் ஆசை வராதா?

நாற்பது நாள் அவனுக்கு ஊட்டினார்கள். காலையில் ஒரு பானை பொங்கல், பகலில் ஒரு படி அரிசிச் சோறு, பொழுது சாய்கையில் பனைவெல்லமும் தேங்காய்ப்பாலும் விட்ட ஆப்பம், அடுக்கு அடுக்காக. ஏற்றமரத்துக்குப் போகக் கூடாது, நடக்கக் கூடாது, கவலைப்படக் கூடாது என்று கட்சி தீர்மானம் போட்டது. கவலைப்பட்டால் பாரத்தில் கால் விரல் குறையும் என்று விடங்கனார் கணித்திருந்தார்.

இது சுறாக் கட்சிக்கும் எட்டியது. மாவண்ணரும் இலையைப் பெரிதாக்கினார். ஆனால் அவர் ஏற்கெனவே ஐந்து ஆண்டு பதவியில் இருந்தவர். இனிமேல் உண்ண அவருக்கு இடம் இல்லை. ஐந்து விரலிலேயே நின்றுவிட்டார்.

ஏழு திட்டிலும் ஒரே பேச்சு. “உங்க ஆள் ஜெயிச்சா என்ன செய்வார்?” என்று சுறாக் கட்சிக்காரர்கள் கேட்பார்கள்.

“ஆறு விரல் இறங்குவார். உங்க ஆள்?”

“அஞ்சு விரல்னாலும் அனுபவப்பட்ட அஞ்சு விரல்.”

ஊரில் கால்வாசிப் பேர் இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. இந்த முறை கல் எடுத்துக்கொண்டு போவதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். வீட்டு வாசலில் வைத்த கல்லின் மேல் கருவாடு காயவைத்தார்கள்.

முப்பத்தொன்பதாம் நாள் உலகப்பன் தன் வீட்டுக்குப் போய்வர ஆசைப்பட்டான். எட்டுப் பேர் ஒரு தோணியில் வைத்துக் கொண்டுபோனார்கள். மனைவி நாச்சியா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“உங்களைத் தலைவராக்கப் போறாங்களா, இல்லை படையல் வைக்கப் போறாங்களா? எனக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியலை.”

அவன் சிரித்தான். சிரிக்கத்தான் பழக்கியிருந்தார்களே. அவள் ஒரு கலயத்தில் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். இத்தனை நாள் பனைவெல்லத்துக்குப் பிறகு அந்தக் கஞ்சிக்கு அவன் நாக்கு ஏங்கியிருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தான்.

“உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு, நாச்சியா.”

“நான் உப்பே போடலை.”

அவன் கலயத்தைப் பார்த்தான். அவள் கிணற்றுப் பக்கம் பார்த்தாள்.

“பதினோரு நாளாச்சு. இப்பவே புள்ளைத்தாச்சிங்க ஆறாந்திட்டுக்குப் போய்த் தண்ணி எடுத்து வர்றாங்க.”

“நாம முதல் திட்டுக்குப் போயிரலாம்” என்றான் உலகப்பன், மெதுவாக. “அங்க கிணறு கல்கண்டு மாதிரியாம்.”

“நாம போயிரலாம்” என்றாள் நாச்சியா. “இந்தத் திட்டுல நூறு வீடு இருக்கே. அத்தனையையும் உங்க மடியில உட்கார வச்சுக்கிட்டா போகப் போறீங்க?”

அவன் மிச்சக் கஞ்சியையும் குடித்தான். இத்தனை நாளில் முதல் முறையாக அவன் கவலைப்பட்டான். கால் விரல் குறைந்ததா இல்லையா என்று விடங்கனார்தான் சொல்ல வேண்டும்.

தேர்வு நாள் வந்தது.

துறையில் இரண்டு படகுகள். ஒன்றில் மாவண்ணர் ஏறினார், ஐந்து விரல். மற்றதில் உலகப்பன் ஏறினான், ஆறு விரல். ஆமைக் கட்சிக்காரர்கள் தாளம் தட்டி ஆடினார்கள். சுறாக் கட்சி முகங்களில் ஈ ஆடவில்லை. இரண்டு படகுக்கும் நடுவே, ராஜா காலத்துச் சங்கோடு சங்கூதிப் பெரியவர் நின்றார். எந்தப் படகு முதலில் கோட்டைத் தொடுகிறதோ அப்போது ஊதுவது அவர் வேலை.

ஜனங்கள் கல்லோடு வந்தார்கள். கண்ணைப் பார்த்தார்கள், கல்லை வைத்தார்கள். உலகப்பன் பேசவில்லை, சிரித்தான், அசையவில்லை. ஆனால் அவன் உடம்பு சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு கல்லும் படகில் விழுந்ததும் அதன் பாரம் அவனுக்கு அடியில் தெரிந்தது. முப்பது ஆண்டுப் பழக்கம் அது. ஒரு விரல் கல். இரண்டு விரல் கல். மூன்று விரல் கல்.

வெயில் உச்சிக்கு வந்தபோது உலகப்பனின் படகு ஒன்பது விரல் இறங்கியிருந்தது. மாவண்ணரின் படகும் ஒன்பது விரல். கோட்டைத் தொட இரண்டுக்கும் ஒரு விரல்தான் பாக்கி. ஏழாம் திட்டு ஜனங்கள் கடைசி வரிசை. அந்த வரிசையில் ஒரு இருபத்தைந்து பேர் இந்தப் பக்கம் சாய்ந்தால் ஆமைக் கட்சிக்குப் பதவி.

வரிசையின் முதலில் நாச்சியா நின்றாள். அவள் கையில் இருந்த கல்லை உலகப்பன் உடனே அடையாளம் கண்டான். ஒரு பக்கம் கயிறு உராய்ந்து பள்ளம் விழுந்த கல். அவர்கள் கிணற்று விளிம்புக் கல்.

“அதை ஏன் பேர்த்தே?” என்றான். பேசக் கூடாது என்பதே மறந்துபோயிற்று.

“கிணறே போகப் போகுது. விளிம்பு எதுக்கு?”

கலியப்பர் கரையிலிருந்து, “வை தாயி, சீக்கிரம் வை” என்றார்.

நாச்சியா வைக்கவில்லை. ராஜாவின் கட்டளைப்படி அவன் கண்ணை நேராகப் பார்த்தாள்.

“ஒண்ணு கேக்கறேன். பாரத்துல உங்களுக்குத் தெரியாதது கிடையாது. நீங்க உட்கார்ந்திருக்கிற இடத்துல எத்தனை விரல் கல்லு பிடிக்கும்?”

உலகப்பனுக்குப் பதில் தெரியும். ஆறு விரல் கல் பிடிக்கும். இந்தப் படகில் இருப்பது மூன்று விரல் கல். ஜெயித்தால் நான்கு. உடைப்புக்கு வேண்டியது ஒன்பது. ஒரு கல் குறைந்தாலும் நிற்காது என்று அந்தக் கொத்தச்சி சொன்னபோது அவன் குளத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அப்போது அது அவன் பிரச்சினை இல்லை. இப்போது அவன் நாக்கில் கஞ்சியின் உப்புக் கரித்தது.

மதிலுக்குப் போக வேண்டிய கல்லின் இடத்தில் இத்தனை நாளும் சோறு தின்று வளர்த்த உடம்பை வைத்திருக்கிறோம். மாவண்ணரும் அதைத்தான் செய்தார். அவருக்கு முன்னால் இருந்தவர்களும் அதைத்தான் செய்தார்கள். மூன்று விரல் ஆளுக்கு மதிலில் இரண்டு விரல் ஓட்டை. ஐந்து விரல் ஆளுக்கு நாலு விரல் ஓட்டை. பாரம் தெரிந்தவனுக்கு இது தெரிய இத்தனை நாள் ஆயிற்றே என்று வெட்கப்பட்டான்.

வெட்கப்பட்டவன் எழுந்தான்.

“அசையாதீர்கள்!” என்றார் விடங்கனார்.

உலகப்பன் ஒரு காலைத் தண்ணீரில் வைத்தான். மறு காலையும் வைத்தான். முழங்கால் ஆழம்தான். படகைவிட்டு இறங்கி நின்றான்.

படகு ஆறு விரல் மேலே எழுந்தது.

துறையே அதைப் பார்த்தது. இத்தனை நேரம் நிறைந்து வழிவது போல் தெரிந்த படகு, தக்கைபோல் மிதந்தது. அதன் உள்ளே, ஒரு கோழிக்கூண்டுக்குக்கூடப் போதாத அளவு கொஞ்சம் கல் கிடந்தது. இதுவா நாம் வைத்தது என்று ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நாச்சியா குனிந்து விளிம்புக் கல்லைப் படகில் வைத்தாள். உலகப்பன் முன்பு உட்கார்ந்திருந்த இடத்தில்.

கூட்டத்தில் யாரோ குரல் கொடுத்தார்கள். “மாவண்ணர் ஐயா, நீங்களும் கொஞ்சம் இறங்குங்களேன். உங்க படகுல எவ்வளவு இருக்குன்னு பார்ப்போம்.”

“தலைவர்கள் இறங்குகிற வழக்கம் இந்த நாட்டில் இல்லை” என்றார் மாவண்ணர். அது உண்மைதான்.

ஆனால் ஏழாம் திட்டு வரிசை முழுவதும் ஆளில்லாப் படகுக்குத் திரும்பிவிட்டது. கரையில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், “கொஞ்சம் இருங்க” என்று வீட்டுக்கு ஓடினார். பின்னாலேயே பத்துப் பேர் ஓடினார்கள். கருவாட்டை உதறிவிட்டுக் கல்லோடு வந்தார்கள். வருவதில்லை என்று சபதம் போட்டவர்கள் எல்லோரும் வந்தார்கள். படகில் பார்ப்பதற்குக் கண் இல்லாததால், பக்கத்தில் தண்ணீரில் நின்ற உலகப்பனின் கண்ணைப் பார்த்துவிட்டுக் கல்லை வைத்தார்கள்.

நான்கு விரல். ஆறு விரல். எட்டு விரல்.

மாவண்ணர் படகில் ஒரு கல்லும் சேரவில்லை. அவர் மூச்சை இழுத்துப் பிடித்துப் பார்த்தார். படகு இறங்கவில்லை.

ஒன்பது விரலில் கல் தீர்ந்துவிட்டது. இனி ஒரு வீடும் பாக்கி இல்லை. ஆளில்லாப் படகுக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரே ஒரு விரல் நின்றது.

கலியப்பர் தண்ணீருக்குள் ஓடி வந்தார். “ஏறு உலகப்பா, ஏறு. ஜெயிச்சுட்டோம்.”

“நான் ஏறினா படகு முங்கிரும், ஐயா.”

விடங்கனார் கணத்தில் வழி கண்டுபிடித்தார். “ஐந்து விரல் கல்லை இறக்கிக் கரையில் போட்டுவிட்டு இவரை ஏற்றினால் கோடு சரியாக நிற்கும்.”

கலியப்பர் உண்மையிலேயே ஒரு கல்லைத் தூக்கிவிட்டார். தூக்கிய பிறகுதான் சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்தார். மெதுவாகத் திரும்ப வைத்தார்.

உலகப்பன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். நாலு பேர் முன்னால் பேச வராதவன் ஏழு திட்டு முன்னால் பேசினான்.

“இந்தப் படகுக்கு ஒரு விரல் ஆள் வேணும். கல்லு அடுக்கத் தெரிஞ்ச ஆளா இருந்தா நல்லது. அரியாத்தா, எங்கம்மா நிக்கிறே?”

அரியாத்தாள் பின்வரிசையிலிருந்து வந்தாள். அவள் வழக்கம்போல் ஏறும் முன்பே பேசிக்கொண்டு வந்தாள். “இதைத்தானேய்யா நாப்பது நாளுக்கு முன்னாடி சொன்னேன். வேலை செய்யறதுக்கு ஆள் கேட்டா எடை போடறீங்களே.”

ஏறினாள். உட்காரவில்லை; துடுப்பை எடுத்துக்கொண்டு நின்றாள்.

படகு ஒரு விரல் இறங்கியது. கோட்டைத் தொட்டது.

சங்கூதிப் பெரியவர் ஊதினார். அவருக்கும் பதினைந்து ஆண்டுக்குப் பிறகு மூச்சு முழுவதுமாக வந்தது.

அரியாத்தாள் தானே துடுப்புப் போட்டுக்கொண்டு போனாள். உடைப்பில் பல்லுக்குப் பல் சேர்த்து அடுக்கினாள். உலகப்பன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கொடுத்தான். கொடுக்கும்போதே, “இது கனமான கல்லு, அடியில வை” என்றான். கிணற்று விளிம்புக் கல்லை மட்டும் அவள் கடைசிவரைக்கும் வைத்திருந்து மேலே பொருத்தினாள். மூன்றாம் நாள் மழைக்காற்று வந்தது. கடல் மதிலைத் தட்டிப் பார்த்தது. இந்த முறை உள்ளே வழி இல்லை.

மழையெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு நாள் உலகப்பன் கஞ்சி குடித்துவிட்டு, “உப்புப் பத்தலை, நாச்சியா” என்றான். அவள் எழுந்து போய்ப் போட்டாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஆனால் கட்சிகள் இருக்கும் நாட்டில் கதை அவ்வளவு சுலபமாக முடிவதில்லை.

ஆமைக் கட்சி கூடியது. விடங்கனாரும் வந்திருந்தார். நம் படகு ஏன் ஜெயித்தது என்று மூன்று நாள் ஆராய்ந்தார்கள். வேலை தெரிந்த ஆள் ஏறியதால் என்று ஒருவர் ஆரம்பித்தார். அவரைக் கட்சியைவிட்டு நீக்கினார்கள். கடைசியில் விடங்கனார் உண்மையைக் கண்டறிந்தார்.

“படகைவிட்டு இறங்கியதால்தான் ஜெயித்தோம். அடுத்த முறை நம் வேட்பாளர் இரண்டு முறை இறங்க வேண்டும்.”

அடுத்த நாளே சுறாக் கட்சி தன் ஆளுக்கு மூன்று முறை இறங்கப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. அடுத்து வந்த ஐந்தாண்டுத் தேர்வின்போது, துறையில் இரண்டு வேட்பாளர்கள் விடிந்தது முதல் படகில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள். ஒருவருக்கு முழங்கால் சுளுக்கிக்கொண்டது. அதை அவர் தியாகம் என்று சொல்லிக்கொண்டார்.

ஏற்றமரத்தின் முனையில் தன் பழைய இடத்தில் உட்கார்ந்து உலகப்பன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது படகில் அரியாத்தாள் துடுப்போடு நின்றுகொண்டிருந்தாள். அவள் பின்னால் எந்தக் கட்சியும் இல்லை. ஏழாம் திட்டிலிருந்து ஒரு நீண்ட வரிசை மட்டும் கல்லோடு வந்துகொண்டிருந்தது.

கதையின் நீதி இது: யாரை நிறுத்தினால் ஜெயிப்போம் என்று மட்டுமே பார்த்து ஆளைத் தேடுகிற கட்சி, எதற்காக ஜெயிக்க வேண்டுமோ அதைத் தோற்றுவிடும்.